ஒரு நுரையீரலை மூடினால் ரத்தம் எங்கே போகும்?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இது. அவருடைய அப்பாவுக்கு 64 வயது. உயரம் 165 செ.மீ., எடை 78 கிலோ. முப்பது வருடம் புகைத்தவர், நான்கு மாதமாகத் தொடவில்லை. வலது நுரையீரலின் கீழ் மடலில் கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது, வேறெங்கும் பரவவில்லை. கீழ் மடலை எடுத்துவிடலாம் என்று அறுவை மருத்துவர் சொல்லியிருக்கிறார். மூச்சுப் பரிசோதனையில் எஃப்.ஈ.வி.1 (ஒரே நொடியில் ஊதித் தள்ள முடிகிற காற்று) அளவு இயல்பில் 76 சதவீதம். எக்கோவில் (இதய ஸ்கேன்) 'நுரையீரல் தமனி அழுத்தம் 38' என்று போட்டிருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், டெல்மிசார்டன் என்று இரண்டு மாத்திரை.

பயம் தொடங்கியது மயக்க மருத்துவரைப் பார்த்த அன்று. “ஆபரேஷன் நேரத்தில் வலது நுரையீரலை மூடிவிட்டு இடது ஒன்றை மட்டும் இயக்குவோம். ஆக்சிஜன் 90 வரைக்கும் இறங்கலாம், ரத்த அழுத்தமும் ஏறி இறங்கும்” என்று அவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டார். வாசகி அன்றிரவு தூங்கவில்லை. மருத்துவத் துறையில் இருக்கும் உறவினர் ஒருவரைக் கேட்டாராம். நூறு சதவீத ஆக்சிஜன், பெரிய பெரிய மூச்சு, அழுத்தம் இறங்கினால் நிறைய சலைன், இப்படிச் செய்தால் எதுவும் இறங்காது என்று அவர் சொல்லியிருக்கிறார். இப்போது வாசகியின் கேள்விகள்: பாதி ரத்தத்துக்கு ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் இதயம் தாங்குமா? இரண்டு நுரையீரலையும் ஓட விட்டே செய்ய முடியாதா? டியூபே போடாமல் செய்கிறார்களாமே? 38 என்றால் அழுத்தம் ரொம்பக் குறைவு இல்லையா? இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லாமல் நானே கையெழுத்துப் போட்டுவிடலாமா?

இனி நேராக உங்களிடம் பேசுகிறேன். நான் அதே வேலையைச் செய்கிற மயக்கவியல் மருத்துவன். உங்கள் மருத்துவர் சொன்னதில் தவறில்லை, சொன்ன விதம்தான் அவசரம். “90 வரை இறங்கலாம்” என்பது எங்களுக்கு அன்றாடப் பேச்சு. கேட்பவருக்கு அது இடி.

முதலில் 38. அது கையில் பட்டை கட்டிப் பார்க்கிற ரத்த அழுத்தம் இல்லை. இதயத்தின் வலப்பக்கம் நுரையீரலுக்குள் ரத்தத்தைத் தள்ளும்போது உண்டாகும் உச்ச அழுத்தம். உடம்பு முழுக்க அனுப்பும் இடப்பக்கத்தில் அது 120 இருக்கும், நுரையீரல் பக்கம் 25 போல இருந்தால் இயல்பு. ஆகவே 38 என்பது குறைவு இல்லை, கொஞ்சம் அதிகம். எக்கோவில் அது நேரடியாக அளந்த எண்ணும் இல்லை, கணக்குப் போட்டு எடுத்த மதிப்பீடு. ஐந்து பத்து முன்னே பின்னே இருக்கலாம். பயப்படுகிற எண் இல்லை, ஆனால் ஒதுக்கிவிடவும் கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூடிய பக்கத்துக்கு என்ன ஆகிறது

நீங்கள் நினைத்திருப்பது இப்படி: ஒரு நுரையீரலை மூடினால் பாதி ரத்தத்துக்கு ஆக்சிஜன் இல்லை. ஆனால் நாங்கள் மூடுவது காற்றின் பாதையை மட்டும்தான். ரத்தத்தின் பாதை திறந்தே இருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம், உடம்பில் ஓடுகிற அத்தனையும், நுரையீரல் வழியாகப் போயே ஆக வேண்டும். காற்று நின்ற பக்கம் போகிற பங்கு ஆக்சிஜன் எடுக்காமல் திரும்பி வந்து நல்ல ரத்தத்தோடு கலக்கும். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் சதவீதம், இறங்குவது அதனால்தான்.

எவ்வளவு கலக்கும்? பாதி இல்லை. அப்பாவை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள், வலது பக்கம் மேலே இருக்கும். ரத்தத்துக்கும் எடை உண்டு, அது கீழே இருக்கிற இடது நுரையீரலுக்கே கூடுதலாகப் போகும். மூடிய மேல் பக்கத்துக்கு நூற்றில் 40, 45 போல மிஞ்சும். அப்புறம் உடம்பே ஒரு வேலை செய்கிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நுரையீரலின் சிறு ரத்தக் குழாய்கள் தாமாகச் சுருங்கி, ரத்தத்தைக் காற்றுள்ள பக்கம் திருப்பி விடுகின்றன. உடம்பின் மற்ற இடங்களில் நேர் எதிர், ஆக்சிஜன் குறைந்தால் குழாய் விரியும். நுரையீரல் மட்டும் இந்தக் கணக்குத் தெரிந்தது. இதனால் வீணாகிற பங்கு ஏறக்குறைய பாதியாகி, நூற்றில் 20, 25 அளவுக்கு வந்துவிடும்.

இதை 1946-ல் பூனைகளில் காட்டியவர்கள் சுவீடனின் வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும். வான் ஆய்லர்தான் நரம்பு நுனிகளில் சுரப்பது நார்அட்ரினலின் என்று கண்டவரும், 1970-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றவரும். ஆபரேஷன் நடுவில் அழுத்தம் தொய்ந்தால் நாங்கள் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற மருந்தும் அதே நார்அட்ரினலின்தான். ஒரே மனிதர் எங்கள் மேஜையில் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

இந்தச் சுருக்கம் சில நொடிகளில் தொடங்கினாலும் நன்றாகப் பிடிக்க 15, 20 நிமிடம் ஆகும். அதனால் மூடிய முதல் இருபது நிமிடத்தில் சாச்சுரேஷன் 100-லிருந்து மெல்ல 93, 92 என்று இறங்கி, பிறகு தானே கொஞ்சம் ஏறுவதைப் பலரிடம் பார்க்கலாம். அறுவை மருத்துவர் கீழ் மடலுக்குப் போகிற தமனியைக் கட்டியதும் வீண் போகிற ரத்தம் இன்னும் குறையும், எண் இன்னொரு படி ஏறும். 90-க்கு மேல் நின்றால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வோம். அதற்குக் கீழே போய்க்கொண்டிருந்தால் முதலில் சிறு கேமராவை விட்டு, மூச்சுக்குழாயில் போட்ட டியூப் இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்போம், அடிக்கடி சிக்கல் அங்கேதான். சரியாக இருந்தால், மூடிய வலது நுரையீரலுக்கு மெலிதாக ஆக்சிஜன் விடலாம். எதற்கும் மசியாவிட்டால் ஆபரேஷனைச் சில நிமிடம் நிறுத்தி இரண்டு பக்கத்தையும் ஊதிவிடுவோம். திரும்பி வர வழி எப்போதும் இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். ஆனால் ஒன்று: வலது நுரையீரல் இடதைவிடப் பெரியது. ஆகவே வலப்பக்க ஆபரேஷனில் எண் சற்று அதிகமாக இறங்குவது வழக்கம். உங்கள் மருத்துவர் 90 என்று முன்கூட்டியே சொன்னதில் அதுவும் இருக்கலாம்.

உறவினர் சொன்ன பெரிய மூச்சு

உறவினர் நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். இருபது முப்பது வருடம் முன்பு நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான் செய்தோம், ஒற்றை நுரையீரலுக்கு கிலோவுக்கு 10 மி.லி. வீதம் காற்று. இன்று 4 முதல் 6 மி.லி. வரைதான். அதுவும் 78 கிலோவுக்கு இல்லை. நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது, வயிற்றைப் பொறுத்தது இல்லை. 165 செ.மீ. உயர ஆணுக்குக் கணக்கு எடை 61 கிலோ வரும். கிலோவுக்கு 5 மி.லி. என்றால் ஒரு மூச்சுக்கு 300 மி.லி. சொச்சம். உறவினர் சொல்கிற பெரிய மூச்சு இதைப்போல இரண்டு மடங்கு.

பெரிய மூச்சில் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். நாம் இயல்பாக மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது, அதனாலேயே காற்றும் உள்ளே வருகிறது, உடம்பின் ரத்தமும் இதயத்துக்குத் திரும்புகிறது. வென்டிலேட்டர் இதைத் தலைகீழாக்குகிறது. அது காற்றைத் தள்ளுகிறது, ஒவ்வொரு தள்ளலிலும் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பி வருகிற ரத்தம் கொஞ்சம் தடைபடுகிறது. இது ஒன்று.

இரண்டாவது நுரையீரலுக்கு உள்ளேயே நடக்கிறது. காற்றறைகளின் சுவரில் மயிரிழைபோல ரத்த நுண்குழாய்கள் ஒட்டியிருக்கின்றன. அறையை அளவுக்கு மேல் ஊதினால் சுவர் இழுபட்டு அந்தக் குழாய்கள் நசுங்கும். வலது இதயம் அந்த நசுங்கிய வழியில் ரத்தத்தைத் தள்ள வேண்டும். அது முக்கி முக்கித் தள்ளும் தசை இல்லை, 25-க்குப் பழகிய மெல்லிய சுவர். ஏற்கெனவே 38 இருக்கிற அப்பாவுக்கு அங்கே சுமை கூட்டக் கூடாது. எக்கோ எண்ணை ஒதுக்கிவிடக் கூடாது என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

மூன்றாவது, எனக்கே முதலில் நம்பக் கடினமாக இருந்தது. காற்றுள்ள இடது நுரையீரலை அதிகமாக அழுத்தினால் அங்கே போக வேண்டிய ரத்தம் வழி கிடைக்காமல் மூடிய வலது பக்கத்துக்கே திரும்பிப் போகும். ஆக்சிஜனை ஏற்ற நினைத்து அழுத்தத்தைக் கூட்டுகிறோம், ஆக்சிஜன் இறங்குகிறது! அதற்காகக் காற்றை ரொம்பக் குறைக்கவும் முடியாது. சுருங்கிப் போன நுரையீரலிலும் ரத்தக் குழாய்கள் மடங்கித் தடை கூடும். நடுவில் ஒரு அளவு இருக்கிறது, அங்கே தடை மிகக் குறைவு. சின்ன மூச்சு, மூச்சு விட்ட பிறகும் நுரையீரல் முழுதாகச் சுருங்கிவிடாமல் 5 செ.மீ. நீர் அழுத்தம் போல ஒரு முட்டு (நாங்கள் 'பீப்' என்போம்), இரண்டும் சேர்ந்து அந்த நடுவைத் தேடுகிற முயற்சிதான். எல்லாருக்கும் ஒரே எண் கிடையாது.

நூறு சதவீத ஆக்சிஜனும் அவர் நினைப்பதுபோல வேலை செய்யாது. தொடக்கத்தில் கொடுப்போம், பிறகு முடிந்தால் குறைப்போம். இடது பக்கம் போய் வரும் ரத்தம் ஏற்கெனவே நிறைந்துதான் வருகிறது, நிறைந்த குடத்தில் இன்னும் ஊற்ற முடியாது. குறை மூடிய பக்கத்து ரத்தத்தில். அதற்கு நாம் எவ்வளவு ஆக்சிஜன் விட்டாலும் கண்ணில் படாது. சலைனும் அப்படியே. அழுத்தம் இறங்கியது காற்று தள்ளுவதால் என்றால், லிட்டர் லிட்டராக ஏற்றுவது ஒரு மணி நேரத்துக்கு எண்ணை அழகாக்கும், மறுநாள் நுரையீரலில் நீர் கோக்கும். அதனால் சலைனை அளந்துதான் கொடுப்போம், தேவையான இடத்தில் நார்அட்ரினலின் போன்ற மருந்தைச் சேர்ப்போம்.

உங்கள் அப்பாவுக்கு நான் தனியாகப் பயப்படுகிற விஷயம்

முப்பது வருடப் புகை. அப்படிப்பட்ட நுரையீரலுக்குள் காற்று சுலபமாகப் போகும், வெளியே வரச் சோம்பும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு, இதே மாதிரி புகைத்த ஒருவர், இதே வலப்பக்கம். ஒற்றை நுரையீரலுக்கு மாற்றிப் பத்து நிமிடம் இருக்கும். சாச்சுரேஷன் 97, அருமை. ஆனால் மணிக்கட்டுத் தமனியில் போட்ட ஊசி காட்டுகிற ரத்த அழுத்த அலை சிறுத்துக்கொண்டே வந்தது. 110, 90, 70. நான் சலைனைத் திறந்தேன், மருந்து கொடுத்தேன், அசையவில்லை. “நெஞ்சுக்குள் ரத்தக் கசிவு எதுவும் இல்லை” என்றார் அறுவை மருத்துவர். பக்கத்தில் இருந்த மூத்தவர் எதுவும் பேசாமல் வென்டிலேட்டர் குழாயை டியூபிலிருந்து பிடுங்கினார். உஸ்ஸ் என்று காற்று வந்தது, வந்துகொண்டே இருந்தது. எட்டு நொடியாவது இருக்கும். அது நிற்பதற்குள் திரையில் அலை எழுந்து நின்றது. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் காற்று வெளியே வராமல் தங்கி, சேர்ந்து சேர்ந்து இதயத்தையே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு காட்டும் திரையில் கோடு தட்டையாகாமல் ஏறிக்கொண்டே போனதை நான் பார்த்தும் படிக்கவில்லை.

இதற்கு மருந்து பொறுமைதான். நிமிடத்துக்கு மூச்சு எண்ணிக்கையைக் குறைத்து, வெளியே விடுவதற்கு நேரம் கொடுப்பது. அப்படிச் செய்தால் கார்பன் டை ஆக்சைடு இயல்பான 40-லிருந்து 50, 60 வரை ஏறலாம். பலருக்கு அது பொறுக்கக்கூடியதே. ஆனால் அது நுரையீரல் குழாய்களையும் சுருக்கும் என்பதால், 38 உள்ள அப்பாவுக்கு அதையும் ஓர் அளவோடு நிறுத்தப் பார்ப்பார்கள். ஒன்றைத் தளர்த்தினால் இன்னொன்று இறுகும். அந்த இரண்டு மூன்று மணி நேரம் எங்கள் ஆள் ஒருவர் தலைமாட்டை விட்டு நகராமல் இருப்பது இதற்காகத்தான்.

அழுத்தம் இறங்கினால் எல்லாவற்றுக்கும் வென்டிலேட்டரைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். மயக்க மருந்தும் முதுகில் போடும் வலி மருந்தும் குழாய்களைத் தளர்த்தும். சில நேரம் அறுவை மருத்துவரின் கருவி இதயத்தின் மேலேயோ பெரிய சிரையின் மேலேயோ சாய்ந்திருக்கும். “கொஞ்சம் கையை எடுங்க” என்று ஒரு வார்த்தை, சரியாகிவிடும்.

வேறு வழி இல்லையா?

இரண்டு நுரையீரலையும் ஓட விட்டு ஒரு மடலை எடுப்பது நடைமுறையில் சரிப்படாது. ஊதி ஊதி அசைகிற உறுப்பில் தமனியைத் தேடிக் கட்ட வேண்டும், கை தவறினால் வருகிற ரத்தப்போக்கு, மூடுவதால் வருகிற ஆபத்தைவிடப் பெரியது. பக்கங்களைப் பிரிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. அறுக்கிற பக்கத்து ரத்தமும் சளியும் நல்ல பக்கத்துக்கு வழிந்து போகாது.

டியூப் போடாமல், நோயாளி தானே மூச்சு விட்டபடி செய்கிற முறை உண்மையிலேயே இருக்கிறது. வென்டிலேட்டர் தள்ளாததால் இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் அவ்வளவு தடைபடாது என்பதும் உண்மை. ஆனால் நெஞ்சைத் திறந்ததும் நடுநெஞ்சு ஒவ்வொரு மூச்சுக்கும் ஆடும், கார்பன் டை ஆக்சைடு ஏறும், இருமல் வந்தால் கருவி எங்கே படும் என்று சொல்ல முடியாது. நடுவில் டியூப் போட வேண்டி வந்தால், சாய்ந்து கிடக்கிறவருக்கு அவசரத்தில் போடுவது லேசான காரியம் இல்லை. புகை பிடித்த நுரையீரல், 38 அழுத்தம், முழு மடல் எடுப்பு மூன்றும் சேர்ந்தால் நான் அந்த வழிக்குப் போகமாட்டேன். அது என் கருத்து. அதில் நல்ல பழக்கம் உள்ள குழு வேறு மாதிரி சொல்லலாம்.

தேதி வாங்கும் முன்

76 சதவீதத்தை இப்படிப் பாருங்கள். இரண்டு நுரையீரலும் சேர்ந்து 19 துண்டுகள் என்று கணக்கு. வலது கீழ் மடலில் 5. எடுத்தபின் 14 மிஞ்சும். 76-ஐ 19-ஆல் வகுத்து 14-ஆல் பெருக்கினால் 56 வருகிறது. 60-க்கு மேல் என்றால் கவலையின்றிப் போகலாம். 56 என்றால் ஆபரேஷன் கூடாது என்று அர்த்தமில்லை, இன்னும் ஒரு சோதனை வேண்டும் என்று அர்த்தம். மாடிப்படி ஏறும் சோதனையில் நிற்காமல் 22 மீட்டர் உயரம் ஏற முடிந்தால் நல்ல அறிகுறி. வாயு எவ்வளவு ரத்தத்துக்குள் கடக்கிறது என்று பார்க்கும் டி.எல்.சி.ஓ. சோதனையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். என்னைப் பொறுத்தவரை எஃப்.ஈ.வி.1-ஐவிட அதுதான் அதிகம் பேசும்.

மயக்க மருத்துவரை இன்னொரு முறை தனியாகப் பார்க்கக் கேட்பது உங்கள் உரிமை. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் அப்படித்தான், அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. “ஆக்சிஜன் எவ்வளவு இறங்கும்?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் கிடைத்தும் பயனில்லை. “எக்கோவில் வலது இதயம் எப்படிச் சுருங்குகிறது? 38-ஐ மனதில் வைத்து என்ன மாற்றிச் செய்வீர்கள்? முதல் இரவு ஐ.சி.யூ.வில் இருப்பாரா?” என்று கேளுங்கள். பதில் சொல்கிறவர் முகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

கையெழுத்து விஷயத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. அப்பா நினைவோடு, தெளிவாக இருக்கிறார். அவர் உடம்புக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவர் அவர்தான், நீங்கள் போடுகிற கையெழுத்து அதற்கு ஈடாகாது. எல்லா எண்களையும் கொட்ட வேண்டாம். “ஒரு பக்கத்துக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு வேலை பார்ப்பார்கள், முடிந்ததும் மீதியைத் திறந்துவிடுவார்கள்” என்று சொன்னாலே போதும், மிச்சத்தை அவரே கேட்பார். திறப்பதை நாங்கள் கண்ணால் பார்த்துத்தான் செய்வோம். அறுவை மருத்துவர் நெஞ்சுக்குள் தண்ணீர் ஊற்றுவார், நான் மெதுவாக ஊதுவேன். கருத்துச் சுருங்கிக் கிடந்த மேல் மடலும் நடு மடலும் திட்டுத்திட்டாக வெளுத்து விரிந்து வரும், குமிழி எங்கிருந்தாவது வருகிறதா என்று இருவரும் குனிந்து பார்ப்போம். அந்தச் சில நொடிகளில் ரத்த அழுத்தம் ஒரு குனிவு குனிந்து நிமிரும். ஊதுவதற்கு முன் நாங்கள் அதைச் சொல்லிக்கொள்வதும் வழக்கம்.

இன்னொன்று. உங்கள் கடிதம் முழுக்க ஆபரேஷன் தியேட்டர் பயம். மடல் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூன்று பேர் வரை பிழைப்பதில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சிக்கல்களில் பெரும்பகுதி தியேட்டரில் வருவதில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் வருகிறது: சளி கட்டி நிமோனியா, அல்லது இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். பின்னது நூற்றில் 10 முதல் 20 பேருக்கு வரும், பெரும்பாலும் மருந்தில் அடங்கும். ஆகவே இப்போதிருந்தே தினமும் நடக்கச் சொல்லுங்கள், மூச்சுப் பயிற்சிக் கருவியைப் பழகச் சொல்லுங்கள்.

மாத்திரையைப் பற்றிக் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள், மறந்துவிட்டேன். “எல்லாவற்றையும் நிறுத்துங்கள்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, ஆபரேஷன் அன்று காலையும் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்க வேண்டும். டெல்மிசார்டனைப் பலர் 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், மயக்கத்தில் அழுத்தம் ஒரேயடியாகத் தொய்ந்துவிடாமல் இருக்க. எந்த மாத்திரை, எந்த வேளை என்று உங்கள் மயக்க மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லில் கேட்டால் இந்த இரண்டு பெயரும் வீடு போய்ச் சேர்வதற்குள் இடம் மாறிவிடும்.